ஹீட்டர் சூடாகவில்லையா? முதலில் டிரைவரைக் கேளுங்கள்!

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும், மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் என்னிடம் வந்து, "கவிதை ஏற்கனவே இருபது வந்திருச்சு. நீயாவது டெக்னிக்கலா ஏதாவது எழுதுடா" என்றான். எனக்குக் கவிதை வராது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்! எனவே நானே கையில் கிரீஸ் பட்டுச் செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் செய்த தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஏனென்றால் பாடம் அதில்தான் இருக்கிறது.

"காருக்கு ஹீட்டரா? நமக்கு ஏ.சி. ஓடினாலே போதும்" என்று ஹாஸ்டல் நண்பர்கள் சிரிப்பார்கள். சமவெளியில் அது நியாயம்தான். ஆனால் என் ஊர் ஊட்டிக்குப் பக்கம். கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை புல்வெளியெல்லாம் உறைபனி படிந்து உப்புக் கொட்டியதுபோல் இருக்கும். அங்கே ஹீட்டர் என்பது சொகுசு அல்ல. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் அப்பா ஆக்டிங் டிரைவர். அம்மா தேயிலை பறிக்கப் போகிறார். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அதனால் அப்பாவுக்கு என் டிப்ளமோ மீது அளவுகடந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் என்னை மாட்டிவிட்டது.

பிரச்சினை என்ன?

அப்பா வழக்கமாக ஓட்டுவது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கார். 2004 மாடல் மாருதி 800, ஏ.சி. வண்டி, 796 சி.சி., மூன்று சிலிண்டர். 2019இல் ஈரோட்டில் செகண்ட்ஹேண்டாக வாங்கியது. சாரின் மனைவிக்குக் கோவையில் வாரம் இருமுறை டயாலிசிஸ். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கிப் போக வேண்டும்.

2024 டிசம்பர் கடைசியில் நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். அப்பா ஒரு நாள் இரவு சாப்பிடும்போது சொன்னார்: "ஹீட்டர் சுத்தமா வேலை செய்யல. கண்ணாடி பூரா உள்பக்கம் மூச்சு படிஞ்சுக்குது. ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில துணி. கொண்டை ஊசி வளைவுல எதிர்ல பஸ் வந்தது கிட்ட வந்தப்புறந்தான் தெரிஞ்சுது. பின்னால அந்தம்மா ரெண்டு கம்பளி போத்தியும் நடுங்குறாங்க."

அம்மா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

சார் வண்டியை விற்றுவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். விற்றால் அப்பாவுக்கு மாதத்தில் எட்டு, ஒன்பது நாள் வேலை போய்விடும். அப்பா உடனே, "என் பையன் ஆட்டோமொபைல்தான் படிக்கிறான் சார், அவன் பார்த்துருவான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்!

ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது?

தெர்மல் வகுப்பில் போட்ட ஹீட் பேலன்ஸ் ஷீட் நினைவிருக்கிறதா? பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாகிறது. மூன்றில் ஒரு பங்கு அளவு புகையோடு போகிறது. கிட்டத்தட்ட அதே அளவு கூலிங் தண்ணீரோடு ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் கலக்கிறது. கார் ஹீட்டர் என்பது இந்த வீணாகும் வெப்பத்தில் கொஞ்சத்தை உள்ளே திருப்பி விடும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் நோட்டுப் புத்தக அளவில் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அதுதான் ஹீட்டர் கோர். எஞ்சினின் சூடான தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய், இன்னொரு ஹோஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்புகிறது. பிளோயர் மோட்டார் அதன் மேல் காற்றை ஊதுகிறது. காற்று சூடாகிக் கண்ணாடிக்கும் கால்மாட்டுக்கும் வருகிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு லீவர், அதிலிருந்து ஒரு கேபிள். அந்தக் கேபிள் சில வண்டிகளில் தண்ணீர் வால்வைத் திறக்கும், சில வண்டிகளில் காற்றுப் பாதையின் கதவை நகர்த்தும்.

ஆக, ஹீட்டருக்குள் அடுப்பு எதுவும் இல்லை. அடுப்பு எஞ்சின்தான். இந்த ஒரு வரியை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் வண்டி முன்னால் நின்றபோது மறந்துவிட்டேன்.

நான் செய்த தவறு

மறுநாள் காலை சார் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்தேன். சாரும் அப்பாவும் பக்கத்தில் நிற்கிறார்கள். பிளோயர் நன்றாக ஓடியது, காற்று வந்தது, ஆனால் சூடு இல்லை. உடனே, "கோர் அடைச்சிருக்கு சார், பிளஷ் பண்ணணும்" என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டேன். பழைய வண்டி என்றால் கோர் அடைப்பு என்று எங்கோ மனதில் பதிந்திருந்தது.

இரண்டு ஹோஸையும் கழற்றி, தோட்டத்துக் குழாயை மாட்டி, எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டேன். பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. "பாத்தீங்களா!" என்றேன். எல்லாம் மாட்டி, கூலன்ட் ஊற்றி, ஒரு ரவுண்டு போய் வந்தோம். காற்று பழையபடி சில்லென்றுதான் வந்தது. அரைநாள் வேலை வீண். புதுக் கூலன்டும் சார் காசு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லப்பா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்பா வீடு வரும்வரை பேசவில்லை.

மாலையில் எங்கள் ஊர்ப் பட்டறை மேஸ்திரியிடம் போனேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவர். நான் கதையை முழுக்கச் சொல்லி முடித்ததும் அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"தம்பி, டெம்பரேச்சர் முள்ளு எங்க நிக்குது?"

நான் பார்க்கவே இல்லை! பக்கத்தில் நின்ற அப்பா சொன்னார்: "அது எப்பவும் அடியிலதான் மேஸ்திரி நிக்கும். ஏத்தத்துல கொஞ்சம் ஏறும். இறக்கத்துல மறுபடி கீழ போயிரும். வாங்கின நாள்லருந்து அப்படித்தான்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "உங்கப்பாகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. அந்த வண்டியின் ஸ்டியரிங்கில் ஐந்து வருடம் உட்கார்ந்தவரை விட்டுவிட்டு, நான் பானெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

மேஸ்திரி சொன்னதையும் பாடப் புத்தகத்தையும் சேர்த்து நான் எழுதிவைத்த பட்டியல் இது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோஸைத் தொடும் முன் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஃபேனும் பெல்ட்டும் விரலுக்குப் பகை. ஹோஸ் நன்றாகக் கொதிக்கும், பட்டும் படாமலும் தொடுங்கள்.

1. காற்றே வரவில்லை: பியூஸ், சுவிட்ச், பிளோயர் மோட்டார், வயர் கனெக்‌ஷன். கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் போயிருக்கும்.

2. முள் நடுவில் இருக்கிறது, ஒரு ஹோஸ் சூடு, மற்றது சில்: தண்ணீர் கோரைத் தாண்டிப் போகவில்லை. ஹீட்டர் வால்வு திறக்கவில்லை அல்லது கோர் அடைப்பு. பிளஷ் செய்ய வேண்டியது இந்த நிலையில்தான்.

3. இரண்டு ஹோஸும் நல்ல சூடு, காற்று மட்டும் சில்: கேபிள் கழன்றிருக்கும் அல்லது உள்ளே கதவு திரும்பவில்லை.

4. இரண்டு ஹோஸும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு, முள்ளும் கீழே: தண்ணீர் ஓடுகிறது, ஆனால் தண்ணீரே சூடாகவில்லை. தெர்மோஸ்டாட் வால்வைப் பாருங்கள்.

5. சூடு வந்து வந்து போகிறது, டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கும் சத்தம்: தண்ணீர் குறைவு, உள்ளே ஏர் லாக். தண்ணீர் ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் விடக்கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் ஹெட் கேஸ்கட்டையும் சந்தேகப்பட வேண்டும்.

6. உள்ளே இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம், கால்மாட்டில் ஈரம்: கோர் ஒழுகுகிறது. கூலன்டில் உள்ள கிளைக்கால் விஷம். சிந்தியதை நாய், குழந்தைகள் தொடாமல் கழுவிவிடுங்கள்.

எங்கள் வண்டி நான்காவது வகை. முதல் நாளே நான் இரண்டு ஹோஸையும் தொட்டேன், இரண்டும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. கை சொன்னதை மூளை கேட்கவில்லை.

பெட்டிக்குள் இல்லாத வால்வு

தெர்மோஸ்டாட் என்ன செய்கிறது? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கிறது. தண்ணீர் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டர் பாதையிலும் மட்டும் சுற்றிச் சீக்கிரம் சூடாகிறது. வால்வுக்குள் ஒரு மெழுகு உருண்டை உண்டு. குறிப்பிட்ட சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கிறது. எத்தனை டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்பது வால்வின் மேலேயே பொறித்திருக்கும், நாங்கள் வாங்கியதில் 82.

அடுத்த நாள் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை மட்டும் இடையிடையே தொட்டுப் பார்த்தோம். வால்வு சரியாக இருந்தால் அந்த ஹோஸ் நெடுநேரம் சில்லென்று இருந்து, பிறகு திடீரெனக் கொதிக்கும். இங்கோ ஆரம்பத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது என்று முடிவு செய்து, ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன்.

உள்ளே வால்வே இல்லை!

மேஸ்திரி சிரித்தார். "கீழ்நாட்டு வைத்தியம் தம்பி. ஓவர்ஹீட்னு வண்டி வந்தா, முதல்ல வால்வைப் பிடுங்கிப் போட்டுருவாங்க. நம்ம ஊருக்கு இது தேவையில்லன்னு சொல்லிருவாங்க."

இது பல பட்டறைகளில் நடப்பதை நாமே பார்த்திருக்கிறோம். வால்வை எடுத்தால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே ஓடும். வெயில் ஊரில் அதன் கெடுதல் சட்டென்று தெரியாது. ஆனால் எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகப் போகும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கம்ப்யூட்டரும் "எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது" என்று நினைத்து அதிகம் தெளிக்கும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும், சிலிண்டர் தேய்மானம் கூடும்.

மலையில் இன்னொரு கெடுதல். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பெரும்பாலும் இறக்கம். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால் எஞ்சினில் தீ குறைகிறது. இருக்கிற கொஞ்சச் சூட்டையும் எதிர்க்காற்று ரேடியேட்டரில் பிடுங்கிக்கொள்கிறது. வால்வு இருந்தால் மூடிக்கொண்டு சூட்டைக் காப்பாற்றும். இல்லாவிட்டால் எந்த இறக்கத்தில் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டுமோ, அங்கேதான் ஹீட்டர் செத்துப்போகும். அப்பா துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டியதன் காரணம் இதுதான்.

"ஏன் எடுத்தான்?"

புது வால்வை மாட்டிவிடலாம் என்று நான் துடித்தேன். மேஸ்திரி கையைப் பிடித்தார். "இரு. அவன் ஏன் எடுத்தான்? அந்தக் காரணம் இன்னும் வண்டிக்குள்ள இருந்தா, வால்வு போட்டு ஏத்தத்துல வந்தா தண்ணி கொதிக்கும். ஹெட் வளைஞ்சுரும்."

இதுதான் எனக்குப் பெரிய பாடம். ஒருவர் ஒரு பாகத்தை எடுத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் தவறாக இருக்கலாம், ஆனால் தெரியாமல் அதைத் திருப்பிப் போடக்கூடாது.

ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்தோம். உள்ளே டியூப்களில் வெள்ளையாக உப்புப் படிவு. வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றியதன் பலன். சர்வீஸ் செய்து வாங்கினோம். எலெக்ட்ரிக் ஃபேன் நேரத்துக்குச் சுற்றுகிறதா என்று பார்த்தோம், சுற்றியது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, புதிது போட்டோம். மூடி சாதாரணமான சாமான் அல்ல. அது அழுத்தத்தைத் தேக்குவதால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதே காரணத்தால் சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிடும். ஒருபோதும் திறக்காதீர்கள்.

அம்மாவின் பாத்திரத்தில் ஒரு பிராக்டிகல்

புது வால்வை மாட்டும் முன் சோதிக்க வேண்டும். அடுப்பில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தொங்கவிட்டு, மீன் தொட்டிக் கடையில் வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையைப் பக்கத்தில் விட்டேன். "டீ போடுற பாத்திரத்துல என்னடா இரும்பைப் போடுற?" என்று அம்மா கேட்டார். (சோதனைக்கு வேறு பாத்திரம் எடுங்கள். நான் புதிது வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.)

82இல் மெல்ல அசைந்தது. 90ஐத் தாண்டியும் முழுதாகத் திறக்கவில்லை. தண்ணீரோ தளதளவென்று கொதிக்கிறது. வால்வு டூப்ளிகேட்டோ என்று பயந்துவிட்டேன். தெர்மாமீட்டரைப் பார்த்தால் 92, 93க்கு மேல் ஏறவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு, எங்கள் ஊரில் தண்ணீர் 93க்குள் கொதித்துவிடும். இந்த வால்வு முழுதாகத் திறக்க 95 வேண்டும். குறை வால்வில் இல்லை, ஊரின் உயரத்தில். பாடத்தில் படித்தது அடுக்களையில் எதிரே வந்து நின்றது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: மெழுகுப் பக்கமும் ஸ்பிரிங்கும் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். காற்றுப் போகும் சிறு துளை மேல்பக்கம் இருக்க வேண்டும். புது கேஸ்கட் கட்டாயம். போர்வெல் தண்ணீர் வேண்டாம், கூலன்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள். ஊற்றும்போது வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கட்டும். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓடவிட்டால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். குமிழ் நின்றதும் நிரப்பி மூடுங்கள். இதையெல்லாம் வெட்டவெளியில் செய்யுங்கள். குளிருக்குப் பயந்து மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டால், கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் உயிரை எடுத்துவிடும்.

பலன்

வேலைக்கு முந்தின விடிகாலை வெளியே 7 டிகிரி, ஹீட்டர் காற்று 23 டிகிரி. வேலைக்குப் பின் அதே 7 டிகிரிக் குளிரில் காற்று 51 டிகிரி. கண்ணாடி இரண்டு நிமிடத்தில் தெளிந்தது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், அதனால்தான் கண்ணாடி காய்கிறது. ஏ.சி.யையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்தால் இன்னும் சீக்கிரம் தெளியும்.

ஆனால் மேஸ்திரி, "சூடு வந்தது பாதி பாஸ்தான். ஏத்தம் ஏறி வரட்டும்" என்றார். டயாலிசிஸ் முடிந்து மதிய வெயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினோம். பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கும் நான் சாலையைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் நின்றது, நகரவில்லை. பின்சீட்டில் அந்தம்மா கம்பளியை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டு வந்தார். சார் வண்டியை விற்கும் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "முதல் நாளே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா முள்ளைப் பத்திச் சொல்லியிருப்பேன்ல" என்றார். கோபமாக அல்ல, வருத்தமாகவும் அல்ல. சும்மாதான் சொன்னார். ஆனால் நான் அன்றிரவு நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.

நண்பர்களே, நாளை நாம் சர்வீஸ் சென்டரிலோ தொழிற்சாலையிலோ வேலைக்குச் சேருவோம். நம்மிடம் வரும் வண்டியை ஓட்டியவர் டிப்ளமோ படித்திருக்க மாட்டார். ஆனால் அந்த வண்டியோடு தினமும் இருந்தவர் அவர்தான். ஸ்பேனரை எடுக்கும் முன் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போதிலிருந்து? ஏற்றத்திலா, இறக்கத்திலா? முன்பு யார், எதைக் கழற்றினார்கள்? பதில் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் தெர்மாமீட்டரை எடுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.